ஊசி இறங்கிய வளைவு

மார்ச் 3, ஞாயிறு

இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இலவசமாகக் கொடுத்தது. இரண்டு மாதமாக டிராயரில் கிடந்ததை இன்று காலை தூசி தட்டி என் கையில் கொடுத்து, "மணி, இதுல நீ டெம்பரேச்சர் எழுதோணும்" என்றார் என் வீட்டுக்காரர். ஓசூரில் இருக்கும் பேத்திக்குக் காய்ச்சலோ என்று பதறிவிட்டேன். காருக்காம்.

காரைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. மாரிஸ் மைனர். இவரைவிட ஒரு வயது மூத்தது, இவரைப் போலவே முன்பக்கம் பிதுங்கியது. குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவின் கொட்டகையில் கோழிகள் அடைந்து கிடந்த அதை, ரிடையர் ஆன கையோடு வாங்கிக்கொண்டு வந்தார். இவர் என்ன மெக்கானிக்கா? மில்லில் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் லேட் என்று பார்ப்பதே வாழ்நாள் வேலை. வீட்டில் குழாய் ஒழுகினால் குழாயைப் பார்த்து "ஒழுகுது" என்று சொல்வதோடு இவர் கடமை முடிந்துவிடும்.

ஏப்ரல் கடைசியில் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் கோயமுத்தூரிலிருந்து ஊட்டிக்கு ஊர்வலம் போகிறார்களாம். இந்தக் காருக்குப் பிறவியிலேயே வெப்பம் காட்டும் மீட்டர் கிடையாது. மலை ஏறும்போது இன்ஜின் கொதித்தால் தெரிய வேண்டுமே என்று ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். எங்கே? ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதிரில் அல்ல, பக்கத்து சீட்டுக்கு எதிரில், டேஷ்போர்டுக்கு அடியில். ஸ்டியரிங் பக்கம் ஓட்டை போட்டால் காரின் 'ஒரிஜினாலிட்டி' போய்விடுமாம். ஆகவே ஊசியைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். மீட்டர் நாற்பது டிகிரியில் தொடங்கி நூற்றிருபதில் முடிகிறது. தொண்ணூறைத் தாண்டிச் சிவப்புக்கு வந்தால் வாயைத் திறக்க வேண்டும், அதுவரை எழுதினால் போதும் என்கிறார்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். பீஸை டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தால் ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பேன். மனிதர்களை ரிஜெக்ட் செய்து மூட்டை கட்டி அனுப்ப முடிவதில்லை, அதுதான் குறை.

மார்ச் 4, திங்கள்

நெஞ்சு கரிக்கிறதாம். நேற்று கார் கழுவிவிட்டு உளுந்து போண்டாவை உள்ளே தள்ளியது யார்?

மார்ச் 10, ஞாயிறு

முதல் ஒத்திகை. காரமடை வரை போய் வந்தோம். கணக்கு: வீட்டு வாசலில் நாற்பது. கவுண்டம்பாளையத்தில் எழுபது. துடியலூர் சிக்னலில் நின்றபோது எண்பத்தெட்டு. அங்கே ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்ணா, இது ஓடுமுங்களா, இல்ல தள்ளோணுமுங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்த ஆட்டோவில் ஏறிப் போய்விடலாமா என்றிருந்தது.

இவர் சும்மா வரவில்லை. வழி முழுக்கப் பாடம். தண்ணீர் இன்ஜினைச் சுற்றி ஓடுகிறது, சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் ரேடியேட்டருக்கு வருகிறது, காற்றில் ஆறித் திரும்பவும் உள்ளே போகிறது. இதைச் சொல்ல காரமடை வரை ஆயிற்று. "சாம்பார் கொதிச்சா நான் அடுப்பைக் குறைக்கறனுங்க. அதுக்கு இத்தனை பேச்சா?" என்றேன். "உனக்கு எல்லாமே சாம்பார்தான்" என்றார்.

திரும்பும்போது பெட்ரோல் பங்க்கில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இறங்கித் தள்ளினார். பத்தடி தள்ளியிருப்பார், டிக்கியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். பங்க் பையன்கள் வந்து தள்ளினார்கள். வீட்டுக்கு வந்ததும் "இடது கை மரத்துப்போன மாதிரி இருக்குது மணி" என்றார். இரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கை மரக்காமல் பூக்குமா?

மார்ச் 14, வியாழன்

இன்றைய புலம்பல்: முழங்கால், நெஞ்சுக் கரிப்பு, கை, தூக்கமின்மை, பக்கத்து வீட்டு நாய், மறுபடி நெஞ்சுக் கரிப்பு. கேஸுக்குக் குடிக்கும் பிங்க் மருந்து பாதி பாட்டில் தீர்ந்துவிட்டது. சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் போனால் அங்கேயும் இதே கச்சேரிதான். அவர் பாவம், தலையாட்டிக்கொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

சாயங்காலம் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, உங்க வாயில ஒரு மீட்டர் மாட்டுனா அது எந்நேரமும் செவப்புலயேதான் நிக்கும். காருக்குத்தான் எழுதோணும்னீங்க, உங்களுக்கும் சேத்து எழுதணுமாக்கும்?" என்றேன்.

சொன்னது எனக்கே பிடித்திருந்தது. மகள் சுகந்திக்கு போனில் சொன்னபோது அவளும் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் காருக்கு மெழுகு போட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

பழைய கார்க்காரர்கள் சங்கத்தின் கூட்டம், செயலாளர் கிரிதரன் வீட்டில். ரேஸ்கோர்ஸில் பங்களா, வாசலில் படகு மாதிரி ஒரு அமெரிக்கக் கார். அந்த ஆள் வெயிலே இல்லாத ஹாலில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றினால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும்.

பேச்சு இரண்டு மணி நேரம். காரில் எது பழையதோ அதற்கு மதிப்பெண். பழைய கண்ணாடி, பழைய சீட் துணி, பழைய ரப்பர். பானட்டைத் திறந்து பார்த்து, புதுசாக ஒரு கிளிப் மாட்டியிருந்தால்கூட மார்க் போய்விடும். "பேட்டினா, மேடம், பேட்டினா! வயசோட அழகு!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் மனைவி தலைமுடி கருகருவென்று மின்னியது. அவரிடம் இந்தப் பாடம் எடுபடவில்லை போலிருக்கிறது.

பெண்களுக்கு 'நேவிகேட்டர்' என்று அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஆண்கள் அத்தனை பேரும் அறுபதைத் தாண்டியவர்கள், தொப்பை, சர்க்கரை, பிரஷர். எல்லோரும் கார்புரேட்டர் சுத்தம் செய்ததைப் பற்றி, பிள்ளை பெற்றவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டார்கள். இவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. எங்கள் கல்யாணத்து ஆல்பத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

மார்ச் 20, புதன்

இன்று கண்ட காட்சியை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரேடியேட்டரின் அடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பைப் வெளிறிச் சாம்பல் பூத்துக் கிடந்தது. புதுசு மாற்றினால் மார்க் போய்விடும். ஆகவே என்ன செய்தார்? செருப்பு பாலீஷ்! கறுப்பு பாலீஷை பிரஷில் தொட்டுத் தொட்டு, பைப்புக்குப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்தன்று தன் ஷூவுக்குப் போடச் சொல்லி நான் கெஞ்சியபோது "யாரு காலப் பாக்கறாங்க" என்ற மனிதர்.

பளபளவென்று வந்துவிட்டது. "எப்புடி மணி, ஷோரூம் பைப்பாட்டம் இல்ல?" என்றார். கம்பெனியில் ஒரு பீஸ் மட்டும் ரொம்ப அழகாக அயர்ன் செய்து வந்தால், அதைத்தான் நான் முதலில் பிரித்துப் பார்ப்பேன். ஆனால் இது என் கம்பெனி இல்லை. கீழே வைத்த காபி ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஒத்திகை, மேட்டுப்பாளையம் வரை. எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து, ஒரு தடவை தொண்ணூற்றிரண்டு. நான் "தொண்ணூத்திரண்டுங்க" என்றதும் மறுபேச்சில்லாமல் புளியமரத்தடியில் நிறுத்தினார். ஆறியதும் கிளம்பினோம். காருக்கு ஒன்று என்றால் எத்தனை மரியாதை.

வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் படுத்துவிட்டார். மதியம் சாப்பிட்டதும் முகம் வெளுத்து, வேர்த்து ஊற்றிவிட்டது. பக்கத்தில் போய் நின்று "என்ன பண்ணுதுங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றார். பங்குனி வெயில் அப்படித்தான் காய்கிறது. மோர் கொடுத்தேன், தூங்கி எழுந்து சரியாகிவிட்டார்.

அதற்குப் பிறகு வாயே திறப்பதில்லை. கரிக்கிறது இல்லை, கை இல்லை, கால் இல்லை. பிங்க் மருந்து வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு வார்த்தையில் எத்தனை வருஷத்துப் புலம்பலை நிறுத்தியிருக்கிறேன்! முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 30, சனி

சுகந்தி போனில் "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றாள். "குண்டுக்கல்லாட்டம் இருக்காரு, அவருக்கென்ன" என்றேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

வீட்டில் நல்ல அமைதி. பக்கத்து வீட்டு நாயைக்கூட இவர் திட்டுவதில்லை.

சோம்பல் மட்டும் கூடியிருக்கிறது. மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பது இவர் வேலை. இப்போது "நீயே பாத்துரு மணி" என்கிறார். காரைக் கழுவும்போதும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கை எட்டுகிற இடம் வரை கழுவுகிறார், பிறகு ஸ்டூலை நகர்த்துகிறார். ஜமீன்தார் தோரணை. படுக்கையிலும் இப்போது மூன்று தலையணை வேண்டியிருக்கிறது. பாதி உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கேட்டால் "இப்படித்தான் சொகமா இருக்குது" என்கிறார். பழைய கார் வைத்திருப்பவர்கள் படுத்துத் தூங்கக் கூடாது என்று தொப்பிக்காரர் சொல்லியிருப்பார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. கனி பார்த்து, சாமி கும்பிட்டோம். கற்பூரம் காட்டும்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாமி எதிரிலேயே ஜமீன்தார்தான்.

இந்த மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகவில்லை. "ஊர்வலம் முடியட்டும்" என்கிறார். போகச் சொல்லி இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல நான் என்ன இவர் அம்மாவா.

மீசைக்கு டை அடித்திருக்கிறார். ஹோஸ் பைப்புக்கும் மீசைக்கும் ஒரே பிரஷ்ஷா என்று கேட்டேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். பேசாத ஆளை எத்தனை நேரம்தான் கிண்டல் செய்வது?

ஏப்ரல் 27, சனி

நாளை ஊர்வலம். அரை நெல்லிக்காய் ஊறுகாய், புளிசாதம், பிளாஸ்கில் காபி, மீட்டரைப் பார்க்க என் மூக்குக்கண்ணாடி. எடுத்து வைத்தாயிற்று.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகந்தி ஓசூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. கைப்பையில் இந்த டைரிதான் இருந்தது.

காலையில் வ.உ.சி. மைதானத்தில் கொடியசைத்தார்கள். ஒரு துணிக்கடைக்காரர் வந்து "நம் பாரம்பரியம்" என்று பேசினார். நிற்கிற கார் ஒன்றுகூட நம் ஊரில் பிறந்ததில்லை. நடுவர்கள் பானட்டைத் திறந்து பார்த்தார்கள். தொப்பிக்காரர் எங்கள் ஹோஸ் பைப்பை விரலால் தொட்டு, "பியூட்டிஃபுல், சென்னியப்பன்! இப்படித்தான் மெயின்டெய்ன் பண்ணணும்" என்றார். விரலில் கறுப்பு ஒட்டியதை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இவர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். மீசை மட்டும் கறுப்பு, முகம் சுண்ணாம்பு.

மேட்டுப்பாளையம் வரை எண்பதைத் தாண்டவில்லை. கல்லாறு தாண்டி மலை ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் கார் முக்கிக்கொண்டு ஏறியது. எண்பத்தெட்டு. தொண்ணூறு. சொன்னேன். "ம்" என்றார். அடுத்த வளைவில் தொண்ணூற்றைந்து. "நிறுத்துங்க" என்றேன். பின்னால் தொப்பிக்காரரின் படகுக் கார் ஹாரன் அடித்தது. "இன்னொரு வளைவு மணி. மேல நிறுத்த எடமிருக்குது" என்றார். தொண்ணூற்றெட்டு. நான் கத்த வாயைத் திறந்தேன்.

அப்போது ஊசி இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் முன்னால் தானாக இறங்கியது. தொண்ணூறு, எண்பது, அறுபத்தைந்து. "எறங்குதுங்க!" என்றேன். "பாத்தியா? மலைக்காத்து! நீ சும்மா பயந்து சாவற" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது, அதை மறைப்பானேன். டைரியில் அறுபத்தைந்து என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். அரை மணி நேரமாகப் பிடித்துக்கொண்டிருந்த மூச்சை விட்டுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றினேன்.

காபியைக் குடிக்கவில்லை. தீய்ந்த நாற்றம் வந்தது. இன்ஜினுக்குள் யாரோ இரும்பைக் கடிப்பது மாதிரி ஒரு சத்தம், ஒரு உலுக்கல், அவ்வளவுதான். கார் வளைவிலேயே நின்றுவிட்டது. ஊசி ஐம்பத்தைந்தில் இருந்தது.

இறங்கி பானட்டைத் திறந்தார்கள். பாலீஷ் போட்ட பைப் அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. பின்னால் ரோட்டில் ஈரக்கோடு தெரிந்தது. நாங்கள் ஊசியைக் கொண்டாடிக்கொண்டே தண்ணீரை முழுக்கக் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

"அப்பறம் எப்படிங்க ஊசி எறங்குச்சு?" என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று தெரியாது. பதில் சொன்னது தொப்பிக்காரர். அந்த ஆளுக்குப் பாடம் எடுக்க ஒரு மேடை போதும், நடுரோடானாலும் சரி. "மேடம், மீட்டரோட சென்சார் தண்ணிக்குள்ள முங்கியிருக்கும். தண்ணியோட சூட்டைத்தான் அது சொல்லும். இன்ஜின் சூடு அதுக்குத் தெரியாது. தண்ணி போயிட்டா அது காத்துல தொங்குது. தொட்டுப் பார்க்க ஒண்ணுமில்ல. அதனால ஊசி கீழ வந்துடும். புதுசா ஓட்டறவங்க கூல் ஆயிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. அதுதான் இருக்கறதுலயே மோசமான ரீடிங். ஏறினா பயப்படலாம், நிறுத்தலாம். காரணமில்லாம இறங்கினா முடிஞ்சுது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் சொன்ன ஒன்று என் மண்டையில் ஏறியது. ஏறிய கணமே திரும்பி இவரைத் தேடினேன்.

ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மர நிழல், சிலுசிலுவென்று காற்று, கார்க்காரர்கள் ஷால் எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். இவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மீசை டை வழிந்து உதட்டோரம் கறுப்பாக இருந்தது. காருக்காக முகம் வாடியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஏனுங்க. நெஞ்சு கரிக்குதா?"

"இல்ல மணி."

"கை?"

"ஒண்ணுமில்ல."

"எப்ப இருந்து ஒண்ணுமில்ல?"

காரையே பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல், பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார்: "நீதான் எந்நேரமும் செவப்புல நிக்கறேன்னியே. செரி, தொந்தரவு எதுக்குன்னு சொல்றதில்ல. இப்ப வலியுங் கூட அவ்வளவா தெரியறதில்ல. மூச்சு மட்டுந்தான் பத்தறதில்ல."

கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

தொப்பிக்காரரிடம் போனேன். "உங்க வண்டிய எடுங்க, ஆசுபத்திரிக்குப் போகோணும்" என்றேன். அவர் மேலே ஊட்டிப் பக்கம் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு முதல் பரிசு உறுதி என்று காலையிலிருந்தே பேச்சு. நான் அந்தத் தொப்பியைப் பிடுங்கி பள்ளத்தில் வீசினேன். "இப்ப எடுக்கறீங்களா இல்லீங்களா?"

எடுத்தார். மேட்டுப்பாளையம் வரை அந்தப் படகை ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுவந்து சேர்த்தார், அதையும் எழுதிவிடுகிறேன். தலையில் நான் நினைத்ததுபோலவே ஒரு முடி இல்லை. அங்கே இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் வரும்போது இவர் என்னிடம் கேட்டது: "வண்டிய ரோட்டுலயே வுட்டுப்போட்டு வந்துட்டமே மணி, ஏதாச்சும் பண்ணிருவாங்களா?"

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல் இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

நேற்றே குழாய் விட்டு அடைப்பை எடுத்து, இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஐ.சி.யு.வில் இருக்கிறார்.

ஒரு இளம் டாக்டர். சுகந்தி வயதுகூட இருக்காது. "இது முதல் அட்டாக் இல்லீங்கம்மா. ஒரு மாசத்துக்கு முன்னாடியே ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கு. சர்க்கரை இருக்கறவங்களுக்கு நரம்பு மரத்துப்போயிடும், வலி சரியாத் தெரியாது. தெரியலைன்னா நல்லாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. முன்னாடி ஏதாவது சொன்னாரா, நெஞ்சு எரியுது, கை மரக்குதுன்னு?"

"சொன்னாரு" என்றேன்.

"அப்பறம்?"

"அப்பறம் சொல்லலைங்க."

அவர் எழுதிக்கொண்டார். ஒரு மாதத்துக்கு முன்பு எந்த வியாழக்கிழமை என்று இந்த டைரியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை.

மே 3, வெள்ளி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். "எப்படி இருக்குதுங்க?" என்றால் "ஒண்ணுமில்ல." "வலிக்குதா?" "ஒண்ணுமில்ல." நர்ஸ் கேட்டாலும் அதே. உப்பில்லாத உப்புமாவைத் தின்றுவிட்டு, அதற்கும் ஒன்றுமில்லை. என்ன பிடிவாதம் பிடித்த ஜென்மம்.

இன்று கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "இங்க பாருங்க. இனிமே 'ஒண்ணுமில்ல'ங்கற வார்த்தை என்ற காதுல விழுந்துது, நான் சுகந்தியோட ஓசூருக்குப் போயிருவேன். உங்களுக்கு ஏதாச்சும் இருக்கும். முழங்காலு இருக்கும், முதுகு இருக்கும், அந்த நாய் இருக்கும். சொல்லுங்க."

"சொன்னா நீ வய்வே" என்றார்.

"வய்வேன். வஞ்சிட்டே கேப்பேன். சொல்லுங்க."

"ஊசி குத்துன எடம் வலிக்குது" என்றார்.

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அந்த உப்புமாத் தட்டைக் கழுவுவதுபோல வாஷ்பேசினில் நெடுநேரம் நின்றேன்.

மே 12, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று நாளாயிற்று. காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து போர்டிகோவில் இறக்கியிருக்கிறார்கள். இன்ஜினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டுமாம். தொப்பிக்காரர் ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார். தலையில் புதுத் தொப்பி. போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பழைய ஹோஸை வச்சிருங்க மேடம், ஷோவுக்கு உதவும்" என்றார். அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். பொய்தான். அவர் தலை மறைந்ததும் போட்டேன். புதுசு ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், பச்சை நிறத்தில் கிடைத்தாலும் பரவாயில்லை.

இன்றைய கணக்கு. காலை: கழுத்து பிடித்திருக்கிறது, ராகிக் கூழ் தொண்டையில் இறங்கவில்லை. பத்து மணி: நெஞ்சு லேசாகக் கரிக்கிறது (டாக்டருக்கு போன் செய்தேன், மாத்திரையால்தானாம், மூச்சு திணறினால் மட்டும் உடனே வரச் சொன்னார்). மதியம்: சாப்பாட்டில் உப்பில்லை, புளி இல்லை, இதைத் தின்பதற்கு ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாம். மூன்று மணி: பக்கத்து வீட்டு நாய். நான்கு மணி: நடக்கச் சொல்லிக் கொல்கிறேன், மில்லில் மேனேஜர்கூட இப்படிப் படுத்தியதில்லை. உலகத்தில் இப்படி ஒரு புலம்பல் பிடித்த மனிதரை எந்தப் பெண்ணும் கட்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு அவர் அறையில் சத்தமே இல்லை. அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு ஓடினேன். சாய்ந்து படுத்திருந்தார், கண் மூடியிருந்தது. தூக்கம்தான், மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. இருந்தாலும் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏ மணி, இப்பத்தான் கண்ணசந்தேன், எதுக்கு இப்படி உசுர வாங்கற? மனுசன் நிம்மதியா படுக்க முடியுதா இந்த வூட்டுல? தலகாணி வேற கல்லாட்டம் இருக்குது..." என்று ஆரம்பித்தார்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன்.